கோச் கடிதம் மூன்றாவதாக வரட்டும்

அமெரிக்காவில் லா ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு, சிபாரிசுக் கடிதம் என்றதுமே கோச் ஞாபகம்தான் வரும். வருடக்கணக்கில் தினமும் பார்த்தவர், கேட்டால் மறுக்கவும் மாட்டார். ஆனால் அட்மிஷன் குழு பார்ப்பது வேறு: இந்த ஆள் மலைபோல் படித்து, யோசித்து, தெளிவாக எழுதுவாரா? அதை வகுப்பில் பார்த்தவர்தான் சொல்ல முடியும். பெரும்பாலான இடங்களில் இரண்டு கடிதம் கொடுத்தால் போதும். அந்த இரண்டையும் பேராசிரியர்களிடமே வாங்குங்கள். மூன்றாவதை ஏற்கும் இடத்துக்கு மட்டும் கோச்சுடையதை அனுப்புங்கள்.

பெரிய பெயருள்ள பேராசிரியரைத் துரத்த வேண்டாம். 300 பேர் உட்காரும் லெக்சரில் வாங்கிய ஏ கிரேடைவிட, 15 பேர் செமினாரில் கட்டுரையை இரண்டு தடவை திருத்தி எழுதி வாங்கிய ஏ மைனஸ் நல்ல கடிதம் தரும். வீரர்களுக்கு இங்கேதான் இடிக்கிறது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி சீசனில் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு என்றாலும், பயண நேரம் அந்தக் கணக்கில் வராது. வெளியூர் ஆட்டம் என்றால் வகுப்பு போச்சு. பேராசிரியரை நேரில் சந்திக்கும் ஆபீஸ் அவர்ஸும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதனால் மூன்றாம் வருடத்திலேயே, சீசன் இல்லாத செமஸ்டரில் ஒரு செமினார் எடுத்துவிடுங்கள்.

அமெரிக்கன் ஃபுட்பால், சாக்கர் (நம்ம ஊர் கால்பந்து) மாதிரி இலையுதிர்கால ஆட்டக்காரர்கள் மே மாதத்துக்குள் பேராசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். விண்ணப்பங்கள் திறக்கும் செப்டம்பரில் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. "வலுவான கடிதம் தர முடியுமா?" என்றே கேளுங்கள். இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். ரெஸ்யூமேயோடு, அவரே ஓரத்தில் குறிப்பு எழுதித் தந்த பழைய கட்டுரையையும் கொடுங்கள். அவருக்கு உங்களை நினைவுபடுத்துவது அந்தக் கட்டுரைதான்.

கோச் கடிதத்தைச் சும்மா விட்டால் "கடின உழைப்பாளி, பிறவித் தலைவி" என்றுதான் வரும். எந்த வீராங்கனைக்கும் பொருந்துகிற வரி அது. "முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆட முடியாத சீசனில், எதிரணியின் ஆட்ட வீடியோக்களைப் பார்த்து வாரா வாரம் இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தந்தார்" என்றால் கதையே வேறு. பேராசிரியருக்குத் தெரியாததும், வக்கீல் வேலைக்கு ஆகிவருவதும் அதில் இருக்கிறது. இப்படி இரண்டு மூன்று சம்பவங்களைக் குறித்துக் கொடுங்கள். கடிதத்தை நீங்களே எழுதித் தராதீர்கள்.

கடிதங்களை வாங்கி லா ஸ்கூல்களுக்கு அனுப்பும் அமைப்பு எல்எஸ்ஏசி. அனுப்புவதெல்லாம் அதில் உங்களுக்குள்ள கணக்கு வழியாகத்தான். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுங்கள். இல்லாவிட்டால் படிப்பவர் கடிதத்தை முழுசாக நம்பமாட்டார். எழுதுபவருக்கு இணைப்பு மின்னஞ்சலில் போகும், சில சமயம் ஸ்பேமிலும் விழும். கையெழுத்தில்லாத கடிதம் திரும்பிவிடும். வந்த கடிதம் எல்எஸ்ஏசியில் உள்ள உங்கள் கோப்பில் ஏறவே இரண்டு வாரம் ஆகலாம்.

பலர் கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். கோப்பில் ஏறிய கடிதம் தானாக எங்கும் போகாது. எந்தக் கடிதம் எந்த லா ஸ்கூலுக்கு என்று நீங்கள்தான் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் விண்ணப்பம் முழுமையாகாமல் அப்படியே கிடக்கும். கடிதத்தில் ஒரு பள்ளியின் பெயரைப் போட்டு எழுதியிருப்பதாக எழுதியவர் சொன்னால், அதை மற்ற பள்ளிகளுக்கு ஒதுக்காதீர்கள்.

படிப்பு முடிந்து ஓரிரு வருடம் தொழில்முறையாக ஆடிவிட்டு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், பேராசிரியர்களின் கடிதங்களை இறுதியாண்டிலேயே வாங்கிக் கோப்பில் போட்டுவிடலாம்.