வினாத்தாள் எழுதும்போதே தொடங்கும் வேலை: பி.ஏ. அரசியல் அறிவியலில் கற்றல் விளைவுகளை அளந்த முறை

கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் (NAAC) அமைப்புக்குக் கல்லூரி அனுப்பும் தன்மதிப்பீட்டு அறிக்கையின் இரண்டாம் அளவுகோலில் 2.6 என்று ஒரு பகுதி இருக்கிறது. மாணவர் என்ன கற்றார், அதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்கிற இடம். பல துறைகளில் இதற்கான வேலை அறிக்கை அனுப்புவதற்குச் சில வாரம் முன்புதான் தொடங்குகிறது. பழைய மதிப்பெண் பட்டியல்களை எடுத்து எக்செல்லில் கொட்டி, ஒரு அட்டெயின்மென்ட் எண்ணை, அதாவது விளைவு எவ்வளவு எட்டப்பட்டது என்ற எண்ணை, வரவழைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அளப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. எதை அளக்க முடியும் என்பது வினாத்தாள் எழுதிய அன்றே முடிவாகிவிட்டிருக்கும். அதனால் இங்கே சொல்வது பருவம் தொடங்கும் முன்பிருந்தே செய்ய வேண்டியவற்றை.

முதலில் பாட விளைவு வாக்கியங்கள், அதாவது நாம் சிஓ என்று சொல்பவை. ஒரு தாளுக்கு ஐந்து அலகு, ஐந்து சிஓ என்பது வழக்கம். அவற்றில் பாதி ‘அறிந்துகொள்வர்’, ‘உணர்வர்’ என்று முடியும். மீதி ‘புரிந்து, மதிப்பிட்டு, பயன்படுத்துவர்’ என்று மூன்று வேலையை ஒரே வாக்கியத்தில் அடைக்கும். இரண்டையும் அளக்க முடியாது. இணைவுக் கல்லூரியில் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது, வாக்கியத்தில் கை வைக்க வழியில்லை. ஒவ்வொரு சிஓவுக்கும் கீழே துறைக்குள் மட்டும் பயன்படும் ஒரு வேலை வாக்கியம் எழுதிக்கொள்ளத் தடையில்லை. இந்திய அரசமைப்புத் தாளில் ‘மத்திய மாநில உறவுகளைப் புரிந்துகொள்வர்’ என்று இருந்தால், அடியில் இப்படி: ‘ஒரு குடியரசுத் தலைவர் ஆட்சிப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு, அது 356ஆவது பிரிவின் வரம்புக்குள் நிற்குமா என்று பொம்மை தீர்ப்பின் துணையோடு வாதிடுவர்.’ (356 மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் பிரிவு; அதற்கு உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்தது பொம்மை தீர்ப்பு.) இதைப் படித்தாலே எப்படிப்பட்ட கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். தெரியவில்லையென்றால் வாக்கியம் இன்னும் சரியாகவில்லை.

அடுத்து வினாத்தாள். பல இடங்களில் இருக்கும் 75 மதிப்பெண் அமைப்பு தெரிந்ததுதான்: இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் ‘அல்லது’ போட்டு ஐந்து, பத்து மதிப்பெண்ணில் ஐந்து கேள்வி கொடுத்து மூன்று எழுதச் சொல்வது. கே1 (நினைவுகூர்தல்) முதல் கே6 (புதிதாகப் படைத்தல்) வரையிலான சிந்தனை நிலைகளை ஓரத்தில் எழுதிவிட்டால் தாள் விளைவு சார்ந்ததாகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ‘பொம்மை வழக்கு பற்றி விவரி’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் கே5 என்று போட்டாலும் அது கே1, மிஞ்சினால் கே2. கைடில் இருப்பதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் வருகிற எந்தக் கேள்வியும் நினைவாற்றல் கேள்விதான். வினாத்தாளைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பத்து மதிப்பெண் கேள்விக்கும் கைடைத் திறந்து பார்ப்பது நல்லது. விடை அங்கே ஒரே தலைப்பின் கீழ் இருந்தால் கேள்வியை மாற்றிவிடலாம்.

‘அல்லது’ வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே சிஓ, ஒரே நிலையாக இருக்க வேண்டும். 13(அ) சிஓ3 ஆகவும் 13(ஆ) சிஓ4 ஆகவும் இருந்தால், யார் எதை எழுதினார்கள் என்று விடைத்தாளைப் பார்த்துப் பிரிக்காமல் கணக்கே போட முடியாது.

விருப்பக் கேள்விகளில்தான் கணக்கு அதிகம் தவறுகிறது. ஒரு உதாரணம். வகுப்பில் 48 பேர். சிஓ3-க்கான பத்து மதிப்பெண் கேள்வி ‘ஐந்தில் மூன்று’ பகுதியில் இருக்கிறது. 31 பேர் அதை எழுதினார்கள். அவர்களில் 20 பேர் 6 மதிப்பெண்ணைத் தொட்டார்கள். இலக்கு: 70 சதவீதம் பேர் தொட்டால் அட்டெயின்மென்ட் நிலை 3, 60 என்றால் 2, 50 என்றால் 1, அதற்குக் கீழே 0. எழுதாத 17 பேரின் கட்டத்தில் 0 போட்டால் 20/48, அதாவது 41.7 சதவீதம், நிலை 0. காலியாக விட்டால் 20/31, 64.5 சதவீதம், நிலை 2. அதே விடைத்தாள்கள், அதே மாணவர்கள். காலியாக விடுவதே சரி. தேர்வுக்கே வராதவருக்கும் 0 போடக் கூடாது. எக்செல் காலிக் கட்டத்தைச் சராசரியில் சேர்க்காது, 0-ஐச் சேர்த்துவிடும். ஆனால் 64.5-ஐயும் முழுதாக நம்ப முடியாது. அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அது தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் பக்கத்துக் கேள்விக்குப் போய்விட்டார்கள். இதைச் சரிசெய்ய எந்தச் சூத்திரமும் கிடையாது. இன்டர்னல் தேர்வில் ஒவ்வொரு சிஓவுக்கும் விருப்பம் இல்லாத ஒரு கட்டாயக் கேள்வியாவது வைப்பதுதான் வழி. மாணவர்கள் முணுமுணுப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டால் அடங்கிவிடும்.

இன்டர்னல் 25-ஐ அப்படியே கணக்கில் எடுப்பது இன்னொரு பொறி. அதில் வருகைப்பதிவு, செமினார், அசைன்மென்ட் எல்லாம் கலந்திருக்கும். ஏறக்குறைய எல்லோரும் இருபதுக்கு மேல்தான் இருப்பார்கள். எல்லா சிஓவும் 3 என்று வந்து நிற்கும். வருகைப்பதிவு கற்றலுக்கு அளவு ஆகாது, அதை முழுதாக விலக்க வேண்டும். 25-க்கு மாற்றுவதற்கு முந்தைய மூல மதிப்பெண்ணை, அதுவும் கேள்வி வாரியாகவே எடுக்க வேண்டும். வெளித்தேர்வில் இணைவுக் கல்லூரிக்கு மொத்த மதிப்பெண் மட்டுமே கிடைக்கும், கேள்வி வாரியாக வராது. அந்த மொத்தத்தை ஐந்து சிஓவுக்கும் சமமாகப் பிரித்துப் போடுவது நடைமுறை. போடலாம், ஆனால் அது எந்த சிஓ பலவீனம் என்று சொல்லாது என்பதை அறிக்கையிலேயே ஒரு வரியாக எழுதிவிடுவது நேர்மை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. விடைத்தாள் அங்கேயே இருக்கிறது.

இனி ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று வரிசை வரிசையாகச் சொல்லும் அட்டவணை. மதிப்பெண் எவ்வளவு என்று தெரிகிறது, எதற்கு என்று தெரிவதில்லை. அரசியல் அறிவியலில் இது பெரிய இடைவெளி. 356ஆவது பிரிவு பற்றிய ஒரு வழக்கமான விடையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பிரிவின் பொருள். அடுத்து, தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31லும் 1991 ஜனவரி 30லும் ஆட்சி கலைக்கப்பட்டது. பிறகு, 1989இல் கர்நாடகத்தில் பொம்மை ஆட்சி கலைக்கப்பட்டது, 1994இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கடைசி வரி: ‘எனவே 356 மக்களாட்சிக்கு எதிரானது.’ வழக்கமான திருத்தத்தில் இதற்கு 6 விழும். ஆண்டுகள் சரி, பெயர்கள் சரி, மூன்று பக்கம் இருக்கிறது.

நான்கு வரிசை கொண்ட ரூப்ரிக்கில் இதையே வைத்தால்: கருத்து 2, சான்று 3, அமைப்பு 2, வாதம் 0. அந்த ‘எனவே’க்கு முன்னால் காரணம் ஒன்றுகூட இல்லை. வாதத்தில் 3 பெற, தீர்ப்புக்குப் பின் என்ன மாறியது என்று சொல்ல வேண்டும்: பெரும்பான்மையை ராஜ்பவனில் அல்ல, சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. அதோடு எதிர்த்தரப்பின் ஒரு காரணத்தையாவது, உதாரணமாக உண்மையிலேயே அரசமைப்பு இயந்திரம் நின்றுபோகும் நிலையை, எடுத்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். காரணம் உண்டு, எதிர்வாதம் இல்லை என்றால் 2. காரணம் தொடங்கிப் பாதியில் நின்றால் 1. முடிவு மட்டும் இருந்தால் 0. மாணவரின் அரசியல் சார்பு எந்தப் பக்கம் என்பதற்கு ரூப்ரிக்கில் இடமே இல்லை. இதைத் திருத்துபவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், நம் துறையில் குறிப்பாக.

ரூப்ரிக்கை வகுப்பு முழுவதுக்கும் போடுவதற்கு முன் பன்னிரண்டு விடைத்தாள்களைப் பதிவெண் மறைத்து ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு பேர் தனித்தனியே திருத்திப் பாருங்கள். கருத்து, சான்று வரிசைகளில் பெரிய வேறுபாடு வராது. வாதத்தில் வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஒருவர் நீளத்தைப் பார்க்கிறார், மற்றவர் ‘ஏனென்றால்’ எங்கே என்று தேடுகிறார். உட்கார்ந்து பேசி, நிலைகளின் சொற்களைத் திருத்தி, வேறு பன்னிரண்டை எடுக்க வேண்டும். தமிழ்வழி விடைத்தாள்களில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒரே சொல்லுக்கு உறுப்பு, பிரிவு, சரத்து, ஷரத்து, விதி என்று புத்தகத்துக்கு ஒரு பெயர். எதை எழுதினாலும் ஏற்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், ஒரு திருத்துநர் ‘விதி’ என்று எழுதியவருக்குக் குறைத்துவிடுவார்.

மேப்பிங்கைச் சுருக்கமாக முடிக்கலாம். ஒவ்வொரு சிஓவும் பட்டப்படிப்பு முழுவதற்குமான விளைவுகளுக்கு (பிஓ) எவ்வளவு உதவுகிறது என்று எடை போடும் சிஓ-பிஓ அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் 3 போட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து சிஓக்களின் அட்டெயின்மென்ட் 2.6, 2.2, 1.4, 1.8, 1.0 என்று வைத்துக்கொள்வோம். எல்லா எடையும் 3 என்பதால் எல்லா பிஓவும் 1.8. பத்து பிஓவுக்கும் ஒரே எண். துறை அறிவுக்கு 3, 3, 1, 1, 0 என்றும் திறனாய்வுச் சிந்தனைக்கு 0, 1, 3, 2, 3 என்றும் உண்மையாகப் போட்டால் முதலாவது 2.2, இரண்டாவது 1.44. பாடம் மனப்பாடமாகிறது, சிந்தனை வளரவில்லை என்று எண்ணே சொல்கிறது. குறைந்த எண் வந்தால் மதிப்பீட்டுக் குழு குறை சொல்லும் என்ற பயத்தில்தான் எல்லாக் கட்டமும் 3 ஆகிறது.

மறைமுக மதிப்பீட்டுக்கு, அதாவது மாணவர் கருத்துப் படிவத்துக்கு, 20 சதவீதம் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். ஹால் டிக்கெட் வாங்க நிற்கும் வரிசையில் படிவத்தைக் கொடுத்தால் எல்லோரும் 5-ஐ டிக் அடிப்பார்கள். தமிழ்வழி மாணவரிடம் ஆங்கிலப் படிவம் கொடுத்தாலும் அதேதான். இதைவிட உதவுவது, முதல் பருவத்தின் முதல் வாரத்திலும் ஆறாம் பருவத்திலும் வைக்கும் ஒரே 20 கொள்குறி வினாக்கள். இரண்டையும் எழுதியவர்களை மட்டும் ஒப்பிட வேண்டும். நடுவில் நின்றுபோனவர்கள் முதல் சராசரியில் இருந்தால், பெற்றது போலத் தெரியும் முன்னேற்றத்தில் ஒரு பகுதி அவர்கள் போனதால் வந்தது. விடைக்குறிப்பையும் ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். மக்களவையின் அதிகபட்ச எண்ணிக்கை 552 என்று இன்னும் கைடுகளில் இருக்கிறது. 104ஆவது திருத்தத்துக்குப் பின், 2020 ஜனவரியிலிருந்து ஆங்கிலோ-இந்திய நியமனம் இல்லை, 550தான்.

எண் வந்தபின் எழுதும் நடவடிக்கைப் பத்தியில் ‘அடுத்த ஆண்டு கூடுதல் கவனம் செலுத்தப்படும்’ என்ற வரி வேண்டாம். எந்த அலகு, எத்தனை மணி நேரம், என்ன பயிற்சி, எந்த வாரத்தில் மீண்டும் அளப்பது என்று எழுதுங்கள். வாதத்தில் 0 வாங்கியவர்களுக்கு உதவுவது இன்னொரு விரிவுரை அல்ல; அரைப் பக்க வழக்கு விவரம் கொடுத்து, ஒரு பத்தியில் சார்பும் மறுப்பும் எழுதவைத்து, அடுத்த வகுப்பிலேயே திருத்தித் தருவது. நான்கு முறை போதும், ஐந்தாவது கட்டாயக் கேள்வியாக இன்டர்னலில்.

மறுபடி அளக்கும்போது பொம்மை வழக்கையே கேட்டால் அது மனப்பாடமாகியிருக்கும். 2015-16இல் அருணாசலப் பிரதேசத்தில் நடந்ததையும் அதுபற்றிய உச்ச நீதிமன்றத்தின் நபாம் ரெபியா தீர்ப்பையும் வினாத்தாளிலேயே சுருக்கமாகக் கொடுத்து, ஆளுநர் தன் வரம்பைத் தாண்டினாரா என்று கேட்கலாம். திருத்துவது அதே இருவராக இருக்கட்டும். விடைத்தாள் கட்டுக்குள் சென்ற ஆண்டின் ஜெராக்ஸ் ஆறை, கேள்வியோடு சேர்த்து, அடையாளம் இல்லாமல் நடுவில் செருகிவைக்க வேண்டும். அந்த ஆறுக்கும் இந்த முறை கூடுதலாக விழுந்தால், மாறியது மாணவர்கள் அல்ல, திருத்துகிறவர்கள்.