மார்ச் மாதக் குத்து டிசம்பரிலேயே விழுந்தது

அலுவலகத்தில் வினாடி வினா நடத்த ஆள் தேடியபோது நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கிவிட்டேன். கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்துவிட்டால் பதில் தெரியாமல் முழிக்க வேண்டாம் என்ற ஒரே கணக்குதான். பதில்தான் தாளில் இருக்குமே!

போட்டி அடுத்த வெள்ளி என்று முடிவாகி, சான்றிதழ்கூட அந்தத் தேதி போட்டு அச்சடித்தாயிற்று. மேலாளருக்கு அந்த வாரம் வெளியூர் வேலை வந்துவிட, போட்டியை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். சான்றிதழை மறுபடி அச்சடிப்பானேன் என்று விட்டுவிட்டேன். யார் தேதியைப் பார்க்கப் போகிறார்கள்?

முதல் சுற்று, பழைய பத்திரிகைகள். அட்டையைத் திரையில் காட்டி, எப்போது வெளிவந்தது என்று கேட்பேன். தேதி இருக்கும் இடத்தைக் கறுப்புப் பட்டையால் மறைத்து வைத்திருந்தேன், ரொம்பச் சாமர்த்தியமாக. முதல் படம், கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விடுவாரே, அந்த முதல் இதழ். ஒரு அணி "1941" என்றது. "சரியான விடை!" என்று மதிப்பெண் எழுதப் போனேன்.

கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன தம்பி.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

இப்படி ஆரம்பித்த எதுவும் சின்னதாக முடிந்து நான் பார்த்ததில்லை.

"அது கடைக்கு வந்தது 1940 டிசம்பர் 20, சார். அட்டையில போட்டிருக்கறதுதான் 1941 மார்ச்."

"மார்ச் மாசப் புத்தகம் எப்படிப்பா டிசம்பர்ல வரும்?"

"அப்படித்தான் சார் வரும்."

தப்பித்தால் போதும் என்று அடுத்த படத்துக்கு ஓடினேன். சூப்பர்மேன் காரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ். என் தாளில் 1938 ஜூன். தம்பி இந்த முறை கையைத் தூக்கவில்லை, என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அது இன்னும் மோசம்.

"சொல்லுப்பா."

"ஏப்ரல் 18 சார்."

மூன்றாவது, ஆல்டேர் 8800 கணினியை அட்டையில் போட்ட பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ். 1975 ஜனவரி இதழ். இதுவாவது நிற்குமா?

"பால் ஆலன் இதைக் கடையில பார்த்து வாங்கிட்டு பில் கேட்ஸ்கிட்ட ஓடினது 1974 டிசம்பர்ல சார். மைக்ரோசாஃப்ட் கதையே அங்கதான் ஆரம்பிக்குது."

இடைவேளை விட்டேன்.

தம்பியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நான் அட்டைத் தேதியைப் பத்திரிகையின் பிறந்த நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கப் பத்திரிகை வியாபாரத்தில் அது கிட்டத்தட்ட காலாவதி தேதி. "இந்த நாள் வரை அலமாரியில் வை, அதற்குப் பிறகு எடுத்துவிடு" என்று கடைக்காரருக்குச் சொல்லும் குறிப்பு. விற்காமல் தங்கியதற்குக் கடைக்காரர் பணம் திரும்பப் பெறலாம். முழுப் புத்தகத்தையும் சுமந்து அனுப்பினால் கூலி கட்டாது என்பதால், பல சமயம் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போடுவார்களாம். தலையை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும் என்கிற அரசர் காலத்து ஏற்பாடு!

இன்னொரு காரணம் நம்மைப் போன்ற வாசகர்கள்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்திரிகை, ஒன்றில் மே, ஒன்றில் ஜூன் என்றால் கை எதை எடுக்கும்? மே மாதக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் ஜூனுக்குத் தாவுவார். வார இதழ் ஒரு வாரம், மாத இதழ் ஒரு மாதம், காமிக்ஸ் இரண்டு மூன்று மாதம் என்று ஆளாளுக்கு எதிர்காலத்தில் போய் உட்கார்ந்துகொண்டது இப்படித்தான். 1963 நவம்பர் 22 அன்று கென்னடி சுடப்பட்டபோது, லைஃப் வார இதழின் நவம்பர் 29 பிரதி ஏற்கெனவே அச்சில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரரை அட்டையில் போட்டிருந்தார்கள். எந்திரத்தை நிறுத்தி, அட்டையை மாற்ற வேண்டியதாயிற்று.

இதிலெல்லாம் மாட்டிக்கொள்ளாதவர் பிளேபாய் ஆசிரியர் ஹெஃப்னர் ஒருவர்தான். 1953-ல் வந்த முதல் இதழில் அவர் தேதியே போடவில்லை. அடுத்த இதழ் வருமா என்று அவருக்கே நிச்சயமில்லையாம். (தம்பிக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்று அவன் கேட்பான்.)

முதல் சுற்றையே ரத்து செய்தேன். சரியாகச் சொன்னதாக நினைத்த அணிகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மற்ற சுற்றுகளில் ஜெயித்ததும் தம்பியின் அணிதான், வேறென்ன.

மேலாளர் கைதட்ட, நான் சான்றிதழை நீட்டினேன். வாங்கியவன் அதை மேலிருந்து கீழ்வரை படித்தான். இந்த அலுவலகத்தில் சான்றிதழை முழுக்கப் படித்த முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்.

"சார், அடுத்த வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்கு."

"ஆமாப்பா, அதுவரைக்கும் மாட்டி வை. அப்புறம் தலைப்பை மட்டும் கிழிச்சு எனக்கு அனுப்பிடு."