பாத்திரக் கணக்கு எழுதிய நாள்

எங்கள் விவாகரத்தில் எனக்கு மிகவும் கனத்த நாள், நீதிமன்றத்துக்குப் போன நாள் அல்ல. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாத்திரக் கணக்கு எழுதிய நாள்தான்.

முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும், கோர்ட் வாசலே மிதிக்க வேண்டாம் என்று ஒரு உறவினர் சொன்னார். இந்து திருமணச் சட்டத்தில் எங்களுக்கு அது செல்லாது, தீர்ப்பு வேண்டும். ஆனால் சண்டையை மட்டும் வெளியிலேயே முடித்துவிடலாம். முதலில் பார்த்த வழக்கறிஞர், "ஒரு வரதட்சணைப் புகார் கொடுத்து வையுங்கள், பேச்சு சீக்கிரம் படியும்" என்றார். அப்படி எதுவும் நடக்கவில்லையே என்றேன். மறுபடி அவரிடம் போகவில்லை.

அப்புறம் ஒரு மத்தியஸ்தர் அம்மாவிடம் ஐந்து முறை உட்கார்ந்தோம். பழைய கதை தொடங்கும்போதெல்லாம், "சரி, வர்ற ஜூன்ல பாப்பாவுக்கு ஃபீஸ் யார் கட்டறது?" என்று திருப்பிவிடுவார். சனி ஞாயிறு யாரிடம், தீபாவளி எங்கே, பொங்கல் எங்கே, கட்டணம் ஏறினால் யார் எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுத வைத்தார். எழுதியதை ஆளுக்கொரு வக்கீலிடம் காட்டிய பிறகுதான் கையெழுத்து. இதை மட்டும் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

பாத்திரத்துக்கு வருகிறேன். ஒரு வெண்கல உருளி. விளிம்பில் என் அம்மா பெயர் வெட்டியிருக்கும், அடியில் எட்டு வருடப் பொங்கலின் கரி. அத்தை அதில்தான் பொங்கல் வைப்பார். அதைச் சுற்றியே இரண்டு மணி நேரம் பேச்சு. கடைசியில் அவரே எழுந்து போய்த் துடைத்து எடுத்துவந்து, "அம்மா பேரு இருக்கு, நீ வெச்சுக்கோ" என்றார். அதன் பிறகு நகைக் கணக்கு அரை மணியில் முடிந்தது.

மனு 13பி பிரிவில், பரஸ்பர சம்மதத்தில். ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நாங்கள் பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, எல்லாம் பேசியும் முடித்திருந்தோம். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால் கேட்டோம், கிடைத்தது. நீதிபதி இருவரையும் தனித்தனியாக, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்று என்னால் தயங்காமல் சொல்ல முடிந்தது.

ஒன்றைக் கோட்டைவிட்டோம், வீட்டுக்கடன். ஃப்ளாட் அவருக்கு என்று தீர்ப்பில் இருந்தாலும், வங்கி சம்மதிக்காமல் கடனிலிருந்து என் பெயர் போகாது. அதை முன்பே விசாரித்திருக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் நான்கு மாதம், மூன்று முறை, இருவரும் சேர்ந்தே அந்தக் கிளைக்குப் போய் உட்கார்ந்தோம். மூன்றாவது முறை டோக்கன் எடுத்துவிட்டு எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்.