தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சைக்கிளில் ஏறிப் பழக நல்ல ஏற்றங்கள்

தென்காசியில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறிப் பழகலாம் என்று கிளம்பினால்தான் தெரியும், அதில் நமக்குக் கிடைக்கிற சாலை எவ்வளவு குறைவு என்று. என்னிடம் கணக்கு படித்த பையன் ஒருவன் இப்போது பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறான். கொடைக்கானல் வரை சைக்கிளில் ஏற வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. "டீச்சர், ஏறிப் பழகணும், எங்க போக?" என்று போனில் கேட்டான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், அவனைப் போல இன்னும் சிலருக்கும் ஆகும்.

முதலில் எல்லாரும் சொல்கிற பெயர்களை ஓரமாக வைத்துவிடலாம். மாஞ்சோலை, காரையாறு, திருக்குறுங்குடி மலைநம்பி கோவில். மூன்றும் அழகான ஏற்றங்கள்தான். மூன்றுமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 1988இலிருந்து அது காப்பகம். மணிமுத்தாறிலும் பாபநாசத்திலும் வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டித்தான் மேலே போக முடியும். வாராவாரம் பயிற்சிக்கு என்று போய் நின்று அனுமதி கேட்கிற இடம் அது இல்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. விலங்குகளுக்கென்று ஒதுக்கிய காட்டை நம் தொடைக்கும் மூச்சுக்கும் உடற்பயிற்சிக் கூடம் ஆக்க வேண்டியதில்லை.

பழகுவதற்கு உயரமான மலை தேவையே இல்லை என்பது என் கட்சி. கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அதற்கு ஈடாக இங்கே மலை தேட வேண்டாம். 100 மீட்டர் உயர்த்துகிற ஒரு சாலை இருந்தால் பத்து தடவை ஏறு, 1000 மீட்டர் ஆயிற்று. அந்தச் சாலையில் சாய்வு சீராக இருக்க வேண்டும், நடுவில் வேகத்தடையும் சந்தை நெரிசலும் இருக்கக் கூடாது, என்றைக்குப் போனாலும் ஏற விட வேண்டும். இவ்வளவும் சேர்ந்து அமைவதுதான் அபூர்வம்.

அப்படி எனக்கு அமைந்தது புளியரை. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை, எண் 744. புளியரை ஊர் தாண்டியதும் வயலெல்லாம் பின்னால் போய், சாலை எஸ் வளைவாகத் திரும்பித் திரும்பி கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்கு ஏறும். லாரி ஏற வேண்டிய சாலை என்பதால் சாய்வை ஒரு அளவுக்கு மேல் விடமாட்டார்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் மலைச் சாலைகளுக்குச் சொல்கிற வழக்கமான சாய்வு 5, 6 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 5, 6 மீட்டர் உயரம். புதிதாக ஏறுகிறவருக்கு இதுதான் சரியான சாய்வு. மூச்சு வாங்கும், ஆனால் பெடல் நிற்காது. உட்கார்ந்தபடியே ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டு போகலாம். பாதி ஏறி வலது பக்கமோ இடது பக்கமோ மரம் விலகுகிற இடத்தில் பார்த்தால், ஏறி வந்த சாலையும் கீழே புளியரை வயலும் பச்சையாகத் தெரியும். சாரல் நாளில் அதுவும் தெரியாது, முகத்தில் நீர்த்தூள்தான்.

கீழே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, நான் ஏறி இறங்குவதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "என்ன டீச்சர், ஏறுதீய, இறங்குதீய, திரும்பவும் ஏறுதீய. மேல எதையும் போட்டுட்டு வந்துட்டியளா?" பயிற்சி என்று சொன்னதும் புரிந்துகொண்டார். இப்போது நான் கீழே வந்தால் கேட்காமலே தண்ணீர் பாட்டிலை வாங்கி நிரப்பித் தருவார்.

புளியரையில் ஒரே எதிரி லாரி. கல்லும் மணலும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசையாகக் கேரளத்துக்குப் போகும். ஏறும்போது நம்மை ஒட்டித் தாண்டும். இறங்கும் லாரி ஒன்று வந்தால் பிரேக் கருகும் வாசனை வளைவுக்கு முன்னாலேயே வந்துவிடும். அதனால் விடிகிற நேரத்தில் முடித்துவிட வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும், அந்த இரண்டு மாதமும் தை முதல் பாதியும் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு ஏற்றம் எவ்வளவு என்று போய்ப் பார்க்காமலே தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை. ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். தென்காசிப் பலகையையும் செங்கோட்டைப் பலகையையும் பகவதிபுரம் பலகையையும் குறித்துவைத்துக் கழித்துப் பார்த்தால், மலை அடிவாரம் எப்படி எழும்புகிறது என்று விளங்கிவிடும். செங்கோட்டையிலிருந்து மேற்கே கொல்லம் போகும் பாதை 1904இல் போட்டது. ரயிலுக்கே அந்த மலைப் பகுதியில் பின்னால் இன்னொரு எஞ்சின் சேர்த்துத் தள்ளுவது வழக்கம். நாம் ஒற்றைக் கியரில் திணறுவதில் என்ன அதிசயம்.

போனில் இருக்கும் செயலிகளும் சாய்வு காட்டும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில செயலி டிகிரியில் காட்டும், சாலைக் கணக்கு சதவீதத்தில் இருக்கும். 5 டிகிரி என்றால் 8.7 சதவீதம். பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த டேன் தீட்டாதான், வேறொன்றும் இல்லை. 100 மீட்டர் தூரம் போனால் எத்தனை மீட்டர் உயர்கிறாய் என்பதுதான் சதவீதம். மரம் அடர்ந்த இடத்திலும் மலையை வெட்டிப் போட்ட சாலையிலும் செயலியின் உயரம் தப்பாகவே காட்டும். அங்கே 15 சதவீதம் என்று வந்தால் பயப்படாதே.

கொஞ்சம் கடுமையாக வேண்டும் என்றால் பண்பொழி திருமலைக்கோவில். படிக்கட்டு தனி. கார் போவதற்கு மேலே வரை சாலை இருக்கிறது. கோவிலுக்கென்று போட்ட சாலை, லாரிக்காக இல்லை. அதனால் நீளம் குறைவு, சாய்வு அதிகம். புளியரையில் உட்கார்ந்து ஏறியவர் இங்கே எழுந்து நின்று மிதிக்க வேண்டி வரும். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 6 சதவீதம் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் 130 வாட் வேண்டும். அதே வேகத்தில் 10 சதவீதம் என்றால் 218 வாட். புதிதாக ஏறுகிற பெரும்பாலோருக்கு அது தாக்குப்பிடிக்காது, வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தும் கால் சுழல வேண்டும் என்றால் கியர் வேண்டும். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். பின்னால் 34 பல் இருந்தால் ஏழரையிலேயே அதே 60 சுற்று கிடைக்கும். முழங்காலைக் காப்பாற்றுவது இந்த வித்தியாசம்தான். புது ஷூ, புது ஜெர்சி எல்லாம் அப்புறம் வாங்கலாம், முதலில் கேசட்டை, அதாவது பின்சக்கரத்தில் இருக்கிற பல்சக்கர அடுக்கை மாற்று.

திருமலைக்கோவிலில் கார்த்திகையும் தைப்பூசமும் கூட்டம், அன்று வேண்டாம். மற்ற நாளிலும் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வழி விட்டு ஏறு. அது அவர்கள் சாலை.

பண்பொழியிலிருந்து இன்னும் மேற்கே மேக்கரை, அங்கே அடவிநயினார் அணை. பேப்பரில் தினமும் அணை நீர்மட்டம் போடுவார்களே, அதில் முழு மட்டம் அடவிநயினார் 132 அடி, ராமநதி 84 அடி, கடனாநதி 85 அடி என்று வரும். அந்த எண்ணைப் பார்த்தே எனக்குக் கால் அரிக்கும். 132 அடி என்றால் 40 மீட்டர். அது முழுவதும் சாலை ஏற்றமாகக் கிடைக்காது, ஆனாலும் அணை இருக்கிற இடத்தில் கடைசியாக ஒரு சின்ன ஏற்றம் இருக்கும் என்று நம்பிப் போகலாம். கடையத்திலிருந்து ராமநதி, ஆழ்வார்குறிச்சியிலிருந்து சிவசைலம் வழியாகக் கடனாநதி, இரண்டும் நல்ல காலைச் சவாரி. ஆனால் மேக்கரை, வடகரைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் யானை இறங்கும் இடம். அங்கே மட்டும் வெயில் ஏறின பிறகுதான் போக வேண்டும். மேக்கரையைத் தாண்டி அச்சன்கோவில் சாலைக்குத் தனியாகப் போகவே போகாதே.

சரி, பாளையங்கோட்டையில் இருக்கிறவன் வார நாளில் என்ன செய்வான்? ரெட்டியார்பட்டி மலையை வெட்டிப் போன நான்குவழிச் சாலையில் ஒரு ஏற்றம் உண்டு. விடிகாலையில் திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை ஏறி இறங்குகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் அவ்வளவு பிடிக்காது, கால் சூடாகும் முன்னே முடிந்துவிடும். அதைவிட ஆனி, ஆடியில் வீசுகிற காற்று மேல். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைகிறது. பணகுடி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கணக்குப்படி சுமார் 4 சதவீத ஏற்றத்தில் போவதற்குச் சமம். அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று நமக்கு மலையாக வந்து நிற்கும். வள்ளியூரிலிருந்து பணகுடி வரை தலையைக் குனிந்து ஒரு மணி நேரம் மிதித்துப் பார். மலையில் வருகிற அதே எரிச்சல் தொடையில் வரும். திரும்பி வரும்போது மிதிக்கவே வேண்டாம்.

இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏறுவதைவிட அதில்தான் அடிபடுகிறார்கள். சாரல் காலத்தில் சாலையின் வெள்ளைக் கோடும் விழுந்து கிடக்கும் இலையும் வழுக்கும். சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற ரிம் பிரேக் வண்டி என்றால் நனைந்த ரிம்மில் பிடித்ததும் பிடிக்காது, ஒரு சுற்று தண்ணீரைத் துடைத்த பிறகுதான் கவ்வும். வளைவுக்கு முன்னாலேயே பிடித்து வேகத்தை இறக்கிவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். விட்டு விட்டுப் பிடி, தொடர்ந்து அழுத்தினால் ரிம் கொதிக்கும்.

தம்பி, முதல் மாதம் புளியரை மட்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, மூன்று ஏற்றத்தில் தொடங்கி வாரம் ஒன்று கூட்டு. ஆறு ஏற்றம் உட்கார்ந்தபடியே வந்துவிட்டால் திருமலைக்கோவில் சேர்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலமே வந்து எங்கள் வீட்டில் தங்கிக்கொள், சாரும் இருப்பார். கேசட்டை மாற்றிவிட்டு வா.