டிரெய்லரின் முன் ஜாக்கியை மாற்றியபோது

பயணம் முடிந்து திரும்பிய அன்று மாலை, எங்கள் சிறிய பயண டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றுவதற்காக அதன் முன்முனையைத் தூக்கித் தாங்கும் முன் ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் கப்ளர் என்ற இணைப்பியின் குழி, வண்டியின் பின்னால் இருக்கும் இழுவைக் குமிழான ஹிட்ச் பந்தை விட்டு மேலே எழும்பத் தொடங்கிய நேரத்தில், உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது; அதன் பிறகு கைப்பிடி எந்தப் பாரமும் இல்லாமல் வெறுமனே சுழன்றது. டிரெய்லர் கீழே இறங்கவில்லை, மேலேயும் ஏறவில்லை. பந்தில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் அந்தரத்தில் நின்றுவிட்டது.

அது கீழே விழாமல் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. இத்தகைய ஜாக்கியின் குழாய்க்குள் தடித்த மரை கொண்ட நீண்ட திருகு ஒன்று செங்குத்தாக நிற்கிறது. கைப்பிடியின் சுழற்சியை இரண்டு சாய்பல் சக்கரங்கள் அந்தத் திருகுக்கு மாற்றிக் கொடுக்கின்றன. திருகு சுழன்றால் உட்குழாய் இறங்கும் அல்லது ஏறும். ஆனால் மரையின் சரிவு மிகக் குறைவாக இருப்பதால், மேலிருந்து எவ்வளவு பாரம் அழுத்தினாலும் திருகு தானாகச் சுழன்றுவிடாது. ஆகவே பல்சக்கரம் உடைந்தாலும் பாரம் இருந்த இடத்திலேயே பூட்டிக்கொள்கிறது. அன்று எங்கள் கால்விரல்கள் தப்பியது அந்த மரையால்தான்.

டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் ஏ-வடிவச் சட்டகத்துக்கு அடியில் ஒரு பாட்டில் ஜாக்கியை வைத்துச் சற்றே தூக்கி, பழைய ஜாக்கியின் பாதத்துக்குக் கீழே கொடுத்திருந்த மரக்கட்டைகளைத் தட்டி எடுத்துவிட்டு, கப்ளரை மறுபடியும் பந்தின் மேல் இறக்கிப் பூட்டினேன். பிறகு ஜாக்கியின் மேல்மூடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அந்த மூடி எப்போதோ காணாமல் போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் போடாமல் இரண்டு மழைக்காலங்களை நான் கடத்தியிருந்தேன். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடியைக் குழைத்தது போன்ற துருச்சேறு இருந்தது. விரலால் வழித்துப் பார்த்தபோது, சிறிய சக்கரத்தின் மூன்று பற்கள் அடியோடு மழுங்கியிருந்தன. சக்கரத்தை மட்டும் மாற்றுவதா என்று யோசித்தேன். திருகின் மரையும் தேய்ந்திருந்ததால், முழு ஜாக்கியையும் மாற்றுவதே சரி என்று முடிவு செய்தேன்.

டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் சட்டகம் மாட்டு வண்டியின் ஏர்க்காலுக்கு ஒப்பானது. வண்டிக்காரர்கள் முன்பாரம் என்று சொல்வது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. சரக்கேற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்னால் அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓட்டத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். எங்கள் டிரெய்லர் பொருட்களோடு சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், முன்பாரம் 140 முதல் 210 கிலோ வரை வரும். வண்டியிலிருந்து கழற்றிய கணத்திலிருந்து அந்தப் பாரம் முழுவதையும் ஒற்றைக் காலில் நின்று சுமப்பது இந்த ஜாக்கிதான். அதை மாற்றும் வேலையில் ஸ்பேனர் பிடிப்பது சிறிய பகுதி. அந்த 200 கிலோவை முதலில் வேறு எதன் மேல் இறக்கி வைக்கப் போகிறோம் என்பதில்தான் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

புதியதை வாங்குவதற்கு முன் அளவெடுத்தேன். பெரும்பாலான ஏ-வடிவக் கப்ளர்களில் ஜாக்கிக் குழாய் நுழைய 2¼ அங்குலத் துளையும், அதைச் சுற்றி 3/8 அங்குல போல்டுகளுக்கு மூன்று துளைகளும் இருக்கும். எங்களுடையதும் அப்படியே இருந்ததால் பொருத்துவதில் சிக்கல் இல்லை. ஆனால் துளையின் அளவோடு அளவெடுப்பை நிறுத்திவிடக் கூடாது. ஜாக்கியின் தலை எவ்வளவு உயரம் வரும், டிரெய்லர் மாட்டியிருக்கும்போது வண்டியின் பின்கதவைத் திறந்தால் அது ஜாக்கியின் தலையில் இடிக்குமா, பின்னால் இருக்கும் எரிவாயு சிலிண்டர்களின் உறை தடுக்குமா என்பனவற்றையும் பார்த்துவிட வேண்டும். மின்சார ஜாக்கியின் தலை பருமனானது. எனக்கு இரண்டு விரல் இடைவெளி மிஞ்சியது.

இவ்வளவு சிறிய டிரெய்லருக்குக் கையால் சுற்றும் ஜாக்கியே போதும் என்பதுதான் என் பொதுவான கருத்து. அதில் மோட்டார் இல்லை, வயர் இல்லை. மூடியும் கிரீஸும் சரியாக இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். இருந்தும் நான் மின்சார ஜாக்கியைத் தேர்ந்தெடுத்தேன். பாதி நாட்கள் டிரெய்லரைக் கழற்றி மாட்டுவது என் மனைவி. அவருக்கு வலது தோளில் நாட்பட்ட வலி உண்டு. கைப்பிடியைச் சுற்றும்போது ஒவ்வொரு முறையும் அவர் இடது கைக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ தூக்கும் 12 வோல்ட் ஜாக்கி ஒன்றை வாங்கினோம். எங்கள் முன்பாரத்துக்கு இது மிக அதிகம். ஆயினும் மோட்டார் திணறாமல் தூக்கும் என்பதாலும், மேடுபள்ளமான தரையில் பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்துகொள்ளும் என்பதாலும் அந்த உபரியை நான் வீணாகக் கருதவில்லை.

வேலை நாளன்று சமதரையில் வண்டியையும் டிரெய்லரையும் நேர்கோட்டில் நிறுத்தி, வண்டியின் கைப்பிரேக்கை இழுத்து, டிரெய்லரின் இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தேன். கப்ளர் பந்தில் பூட்டியபடியே இருந்தது. பாதுகாப்புச் சங்கிலிகளையும் கழற்றவில்லை. இதுவே பாரத்தைத் தாங்கப் போதும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். நான் கப்ளருக்குச் சற்றுப் பின்னால், சட்டகத்தின் இரு கைகளுக்கும் அடியில் தலா ஓர் இரும்பு ஸ்டாண்டையும் கொடுத்தேன். நான்கு மூலைகளிலும் இருக்கும் நிலைநிறுத்தும் கால்களை இந்த வேலைக்கு நம்பக் கூடாது. அவை டிரெய்லர் ஆடாமல் இருப்பதற்காக வைக்கப்பட்டவை, பாரம் தூக்குவதற்கு அல்ல.

ஒற்றை அச்சு டிரெய்லரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எல்லாம் தயாரான பிறகு என் மகன் தண்ணீர் பாட்டிலை எடுக்க உள்ளே ஏறப் போனான். நான் கத்தித்தான் நிறுத்தினேன். அச்சுக்குப் பின்னால் ஒருவர் நடந்தாலே முன்பாரம் குறையும். ஸ்டாண்டின் மேல் அமர்ந்திருக்கும் சட்டகம் எழும்பி மறுபடி அமர்கையில் ஸ்டாண்டு நகர்ந்துவிடலாம். வேலை முடியும்வரை கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று போல்டுகளுக்கும் முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். இரண்டு போல்டுகள் 9/16 அங்குல ஸ்பேனருக்கு எளிதில் வழிவிட்டன. மூன்றாவது அசையவில்லை. அதன் தலையைச் சுத்தியலால் நான்கைந்து முறை தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் கழித்து முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை திருப்பி, பிறகு தளர்த்தினேன். கிறீச்சென்ற சத்தத்தோடு அது இளகியது.

ஜாக்கியை மேல்நோக்கி உருவ வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தபோதுதான், கீழே இருந்த தட்டைப் பாதத்தைக் கவனித்தேன். அது உட்குழாயோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. 2¼ அங்குலத் துளை வழியே அந்த அகலமான தகடு எப்படியும் மேலே வராது. முதல் நாளே குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அறுக்கும் கிரைண்டரை எடுத்தால் இரண்டு நிமிட வேலைதான். ஆனால் ஒரு முழ தூரத்தில் எரிவாயு சிலிண்டர்கள் நின்றன, அவற்றையொட்டி பேட்டரியும் இருந்தது. சிலிண்டர்களின் வால்வை மூடி, கழற்றி, தூரமாகக் கொண்டுபோய் வைத்த பிறகும் தீப்பொறி பறக்கும் கருவியைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆக்ஸா பிளேடால் கையாலேயே அறுத்தேன். நாற்பது நிமிடங்கள் ஆயின. பாதம் துண்டாகி விழுந்ததும், மேல்திறப்பு வழியே திருகின் தலையைப் பைப் ரெஞ்சால் பிடித்துச் சுற்றி உட்குழாயை உள்ளிழுத்துவிட்டு, ஜாக்கியை நேராக மேலே உருவி எடுத்தோம்.

துளையின் விளிம்பில் தேங்கியிருந்த துருவை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்துக் காயவிட்டேன். புதிய ஜாக்கி எளிதாக இறங்கியது. ரசமட்டத்தைக் குழாயின் இரு பக்கங்களிலும் வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்த பின், புதிய போல்டுகளை மூன்றிலும் விரலால் முடுக்கிவிட்டு, பிறகு மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினேன். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் விளிம்புத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து அமர்ந்துவிடும்.

மின் இணைப்பில் ஒரே ஒரு நேர்முனை வயர்தான் இருக்கிறது. அது 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. அந்த ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது; பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே வயர் உரசி இரும்பில் பட்டால் அதைக் காப்பாற்ற எதுவும் இல்லை. எதிர்முனைக்குத் தனி வயர் கிடையாது. ஜாக்கியின் உடல், போல்டுகள், சட்டகம் ஆகியவை வழியாகவே மின்னோட்டம் திரும்புகிறது.

நான் சறுக்கிய இடம் இதுதான். பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஓடியது. ஆனால் முனகிக்கொண்டே மெதுவாக ஓடியது. பாரமே ஏற்றாத நிலையில் அப்படி ஓடக் கூடாது. ஜாக்கியின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, மோட்டார் ஓடும்போது அளந்தேன். ஏறக்குறைய சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட் காட்டியது. காரணம் எளிமையானது. புதிய ஜாக்கியின் விளிம்பில் கெட்டியான பவுடர் பூச்சு. கப்ளரின் தட்டில் பழைய பெயின்ட், அதன் மேல் நான் ஆசையாகப் பூசிய துருத் தடுப்பு வேறு. இரும்பும் இரும்பும் எங்கும் தொட்டுக்கொள்ளவே இல்லை; வந்த மின்னோட்டமும் போல்டின் மரைகள் வழியே ஒழுகித்தான் வந்திருக்கிறது.

மூன்று போல்டுகளையும் கழற்றி, போல்டுத் தலையும் நட்டும் அமரும் வட்டங்களில் மட்டும் பூச்சைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பை வெளிக்கொணர்ந்து, பல் வைத்த வாஷர்களைப் போட்டு மறுபடி இறுக்கினேன். சட்டகத்தில் பேட்டரியின் எதிர்முனை வயர் சேரும் இடத்தையும் அதேபோல் சுத்தம் செய்தேன். இம்முறை மீட்டர் 0.1 வோல்டுக்குக் கீழே காட்டியது. மோட்டாரின் ஒலியே மாறிவிட்டது. சுரண்டிய இடங்கள் மறுபடி துருப்பிடிக்காதபடி, இறுக்கிய பிறகு வெளிப்புறமாக மட்டும் பெயின்ட் தொட்டுவைத்தேன்.

உடனே ஸ்டாண்டுகளை எடுத்துவிடவில்லை. பாதத்துக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்து, கப்ளரின் பூட்டைத் திறந்து, ஜாக்கியால் ஓர் அங்குலம் மட்டும் தூக்கிப் பத்து நிமிடங்கள் அப்படியே விட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை, சாயவில்லை. அதன் பிறகு ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, மேலிருக்கும் ரப்பர் அடைப்பை நீக்கி, கூடவே வந்த கைத்தண்டால் இறக்கியும் ஏற்றியும் பார்த்தோம். பேட்டரி தீர்ந்த நாளில் இருட்டில் முதல் முறையாக அதைத் தேடிக் கற்றுக்கொள்ள நேரக் கூடாது. என் மனைவிதான் அதைச் சுற்றினார். எத்தனை சுற்றுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று அவரே எண்ணிக்கொண்டார்.

இந்த ஜாக்கியில் ஊசியை (துளையில் செருகும் பூட்டுக் கம்பியை) கழற்றி நீட்டிக்கொள்ளும் துணைக்கால் ஒன்றும் உண்டு. அதைத் தேவையான துளைக்கு முதலில் இறக்கிவிட்டால் மோட்டார் ஓட வேண்டிய தூரம் குறைகிறது. உட்குழாய் அதிகம் வெளியே நீளாததால் பக்கவாட்டில் வளையும் அபாயமும் குறைகிறது. புறப்படும்போது அதை முழுவதும் மேலே ஏற்றி ஊசியைப் போட்டு, ஊசி உட்கார்ந்ததைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகே வண்டியை எடுக்கிறோம்.

முதல் பயணம் முடிந்து வந்ததும் மூன்று போல்டுகளிலும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். இரண்டு அசையவில்லை, முன்பு துருப்பிடித்து அடம்பிடித்த அதே துளையில் இருந்தது மட்டும் கால் சுற்று உள்ளே போனது. அடுத்த பயணத்துக்குப் பிறகு மறுபடி பார்த்தேன், அதுவும் அசையவில்லை. ஜாக்கியின் தலைக்கு, தார்ப்பாயை வெட்டி என் மனைவி ஓர் உறை தைத்துக் கொடுத்திருக்கிறார்.