இடம் வலமான மஸராட்டி

ஒரு பழைய படத்தில் இருந்துகொண்டு மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த கார் நேற்று இரவு யாரென்று தெரிந்துவிட்டது. 1950களின் இத்தாலியப் பந்தயக் காரான மஸராட்டி 250எஃப். பழைய பந்தயப் படம் சேர்ப்பவர்களில் நேற்று சேர்ந்தவர்கூட ஒரு பார்வையில் சொல்லிவிடும் கார். நானோ, "நிச்சயமாக 250எஃப் இல்லை, ஏதோ தனியார் பட்டறையில் கட்டிய ஒற்றைக் கார்" என்று நண்பர்களிடம் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

என் வாதத்துக்கு ஆதாரம் புகைக்குழாய். 250எஃப்பில் அது இடப்புறம் ஓடும். என் படத்திலோ வலப்புறம். பக்கவாட்டில் எண் 8, மூக்கில் மங்கலாக ஒரு சின்னம், காரைச் சுற்றி நான்கைந்து ஆட்கள். கறுப்பு வெள்ளை என்பதால் நிறமும் கைகொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் பந்தயக் கார்களுக்கு நாட்டுக்கு ஒரு நிறம், ஆனால் இத்தாலியச் சிவப்பும் ஆங்கிலேயப் பச்சையும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான்.

எல்லாக் குழப்பமும் ஸ்கேனர் கண்ணாடியில் தொடங்கியது. ஒரு நண்பர் கடனாகக் கொடுத்த பெட்டியில் இருந்த 6 செ.மீ. சதுர நெகட்டிவ் இது. ஒரு வாரம் கனமான அகராதிக்கு அடியில் வைத்தும் கூரை ஓடு போல வளைந்தே இருந்தது. பளபளப்பான பக்கத்தைக் கீழே வைத்தால் வளைவின் வயிறு கண்ணாடியில் ஒட்டும். ஒட்டியும் ஒட்டாத அந்த மெல்லிய இடைவெளியில் நியூட்டன் வளையங்கள் கிளம்பும். ஓட்டுநரின் முகத்தின் மேலேயே, தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல, வரிவரியாக. நெகட்டிவை நகர்த்தினேன், ஓரங்களை டேப் போட்டு இழுத்தேன். வளையங்களும் கூடவே நகர்ந்தன.

வளையம் வராத கண்ணாடி என்று ஒன்று விற்கிறார்கள். நான் வாங்கியது படச் சட்டத்துக்குப் போடும் சொரசொரப்புக் கண்ணாடியை வெட்டிக் கொடுத்தது என்பது என் சந்தேகம். வளையம் போனது, கூடவே கூர்மையும் போனது. திரவம் தடவி ஒட்டும் முறை நல்ல பலன் தரும் என்கிறார்கள். அந்த அசிங்கத்தை என் மேசையில் அனுமதிக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் நெகட்டிவைப் புரட்டி, படம் பதிந்திருக்கும் பூச்சுள்ள எமல்ஷன் பக்கத்தைக் கீழே வைத்தேன். அந்தப் பக்கம் பளபளக்காது. வளைவும் இப்போது பாலம் போல நின்றது, ஓரங்கள் மட்டுமே கண்ணாடியைத் தொட்டன. ஒரு வளையம்கூட இல்லை! அந்த மகிழ்ச்சியில், இப்படிப் புரட்டி வைத்தால் படத்தைக் கணினியில் இடவலம் மாற்ற வேண்டும் என்பதை மறந்தே போனேன். எண் 8 கண்ணாடியில் பார்த்தாலும் 8தான். மூக்கில் இருந்த சின்னம் மஸராட்டியின் திரிசூலமாம். அதுவும் இருபக்கமும் ஒன்றுபோல் இருப்பது. சதி செய்தது போலத்தான் எல்லாம் அமைந்திருந்தன.

இந்தப் புதிரை உடைத்தவர், நெகட்டிவ் பெட்டியின் சொந்தக்காரர். "அந்த மெக்கானிக் இடக்கையரா? கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டில் கட்டியிருக்கிறாரே" என்று கேட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நிற்கும் கோட்டுக்காரரின் கைக்குட்டைப் பையும் வலது மார்பில் இருந்தது. அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் அப்படியே. ஒருவர் இடக்கையராக இருக்கலாம், மூன்று பேருக்குமா இடம் வலமாக மாறியிருக்கும்? ஒரே சொடுக்கில் படத்தைத் திருப்பினேன். புகைக்குழாய் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

1954 ஜனவரியில் அர்ஜென்டினாவில் முதல் பந்தயத்திலேயே அந்நாட்டுப் பந்தய ஓட்டுநர் ஃபாஞ்சியோ கையில் வென்ற கார் இது. 1957இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் அவர் தன் கடைசி உலக சாம்பியன்ஷிப் பந்தய வெற்றியைப் பெற்றதும் இதில்தான். என் படத்தில் இருப்பவர் ஃபாஞ்சியோ இல்லை, தாடை வேறு. எந்தப் பந்தயம் என்பதை இனித்தான் தேட வேண்டும். பந்தயத்துக்குப் பந்தயம் எண் மாறிய காலம், 8ஐ மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

தூசி எடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. ஸ்கேனரின் அகச்சிவப்புத் துப்புரவு வசதி வெள்ளி படிந்த கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வேலை செய்யாது. வெள்ளித் துகளையும் தூசி என்றே எண்ணிவிடும். ஆகவே ஒவ்வொரு புள்ளியாகக் கையால்தான். வானம் முடிந்துவிட்டது, தரை பாக்கி. பெட்டியிலிருந்து லேசாக, படச்சுருள் சிதையத் தொடங்கியதைக் காட்டும் வினிகர் வாடை வருவதால் மற்ற நெகட்டிவ்களைப் புதிய பாலியெஸ்டர் உறைகளுக்கு மாற்றும் வேலையும் காத்திருக்கிறது. பிவிசி உறையை மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொரு தலைவலி. அந்த வாரத்தில் இப்படிப் புரட்டி வைத்து எடுத்தவை மொத்தம் பதினான்கு. எதைத் திருப்பினேன், எதை விட்டேன் என்று குறித்து வைக்கவில்லை. பன்னிரண்டை நெகட்டிவோடு ஒப்பிட்டுச் சரிசெய்துவிட்டேன். இரண்டு நெகட்டிவ்கள் ஏற்கெனவே சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து வேறொருவர் கைக்கும் மாறிவிட்டன. அவற்றில் ஒன்றில் கோட்டுப் பைகள் தெளிவாகத் தெரிகின்றன, கவலையில்லை. மற்றதில் ஆளே இல்லை. நேர் முன்னாலிருந்து எடுத்த வெறும் கார். எண் 11.