ஆறு வாரத்தில் ஒரு டுட்டு

அக்கா மகளுக்குப் பத்து வயது. பாலே கற்றுக்கொள்ள ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. "சித்தி, தட்டு மாதிரி நேரா நிக்குமே, அந்தப் பாவாடை எனக்குத் தைச்சுக் கொடு" என்றாள். பாலே ஆடுகிறவர்கள் போடும் அந்த அடுக்குப் பாவாடைக்குத்தான் டுட்டு என்று பெயர். பட்டுப்பாவாடையும் ஃபிராக்கும் பிளவுஸும் தைத்துப் பழகிய கை என்பதால் உடனே சரி என்றேன்.

முதல் முயற்சியில் பாவாடை தைக்கிற மாதிரியேதான் செய்தேன். கேன்கேன் நெட் என்ற விறைப்பான வலைத்துணி 3 மீட்டர் வாங்கி, நான்கு அடுக்கையும் ஒரே நீளத்தில் வெட்டி, சுருக்கு வைத்து இடுப்புப் பட்டியில் சேர்த்தேன். தைத்த அன்று கொஞ்சம் விரிந்து நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் தாழ்வாரக் கூரை போல நாலு பக்கமும் சரிந்து கிடந்தது.

என்ன தப்பு என்று பழைய படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். ஓவியர் டெகா 1881-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிலைக்கு நிஜத் துணியிலேயே பாவாடை கட்டியிருந்தார். அதுவும் கீழ்நோக்கி விழுகிற பாவாடைதான். தட்டு போல நிற்பது அதற்குப் பின் மெல்ல மெல்ல வந்தது. நான் தைத்தது தட்டு டுட்டுக்கு முந்தைய கட்டத்தில் நின்றுவிட்டது என்று புரிந்தது. சரி, வரலாறு போன வழியிலேயே நாமும் போவோம், முதலில் நீளப் பாவாடையைத் தைத்துப் பழகுவோம் என்று முடிவு செய்தேன்.

நீளப் பாவாடைக்கு ஆரம்பம் என்று எல்லோரும் சொல்வது 1832 மார்ச் 12. அன்று பாரிஸ் ஓப்பரா அரங்கில் 'லா சில்ஃபீடு' என்ற பாலே அரங்கேறியது. நடனத்தை அமைத்தவர் ஃபிலிப்போ தாக்லியோனி, ஆடியவர் அவருடைய மகள் மரீ தாக்லியோனி. இறுக்கமான மேல்சட்டை, கெண்டைக்கால் வரை மணி போல விரியும் வெள்ளை மெல்லிய துணி. அந்த ஓப்பராவில் 1822-லேயே கேஸ் விளக்கு வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணி அடுக்குகள் எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. மல் துணியில் ஐந்து அடுக்கு தைத்து, ராத்திரி மஞ்சள் பல்பு முன்னால் பிடித்துப் பார்த்தேன். ஓரங்களில் ஒற்றை அடுக்கு கிட்டத்தட்ட மறைந்துபோய், நடுவில் மட்டும் பால் மாதிரி வெளிச்சம் தங்கியது. காற்றில் வாழும் ஒரு தேவதையாக மரீ ஆடியதற்கு இந்தத் துணி எவ்வளவு உதவியிருக்கும்!

ஆனால் அதே துணியும் அதே விளக்கும் பலரைக் கொன்றிருக்கின்றன. தாக்லியோனியிடம் கற்ற எம்மா லீவ்ரி, 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையில் காத்திருந்தபோது பாவாடையை உதறி விரித்தார். கேஸ் விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார், இருபது வயது. தீப்பிடிக்காமல் இருக்க ரசாயனத்தில் தோய்த்த உடைகள் அப்போதே இருந்தன, போட்டுக்கொள்ள உத்தரவும் இருந்தது. துணி விறைத்து மங்கிப்போகிறது என்று அவர் மறுத்திருந்தார்.

ஏன் மறுத்தார் என்று என் கையால் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. மீந்த மல் துணியில் ஒரு துண்டைக் கெட்டியான படிகாரத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டேன். காய்ந்ததும் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி மொடமொடத்தது, மினுமினுப்பே இல்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். சாதாரணத் துண்டு கண் இமைக்கும் நேரத்தில் போனது. படிகாரத் துண்டு கருகியதோடு சரி. இரண்டையும் தொட்டுப் பார்த்த பிறகு அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வருத்தம் மட்டும்தான் மிஞ்சியது. ஆடுகிறவளுக்கு எது பிடிக்கும் என்று விரலுக்கே தெரிகிறது. எரிந்ததில் மிஞ்சிய அவருடைய உடைத் துணுக்குகளை இன்றும் பாரிஸ் ஓப்பரா நூலக அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வாரம் தட்டு டுட்டுக்கு வந்தேன். பாவாடை ஏறியதற்குக் காரணம் கால் வேலை. இத்தாலிய நடனமணிகள் ரஷ்யாவுக்குக் கொண்டுபோன சுழற்சிகளும் முனைவிரல் வேலையும் தெரிய வேண்டும் என்றால் முழங்கால் மறையக் கூடாது. 1885-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்த விர்ஜீனியா சுக்கி, அங்கே இருந்த வழக்கத்தைவிடக் குட்டையாகப் போட்டு ஆடினார்.

இப்போது என் பழைய தப்பு விளங்கியது. நெட் இடுப்பிலிருந்து தொடங்கவே கூடாது. இடுப்பிலிருந்து நாலு விரல் கீழே வரை ஒட்டிப் பிடிக்கும் பட்டி, அதற்குக் கீழே நிக்கர், நிக்கரின் மேல்தான் நெட். காட்டன் ட்ரில்லில் பட்டியும் கனமான காட்டனில் நிக்கரும் வெட்டி, நிக்கரில் அரை இன்ச் இடைவெளியில் 9 கோடு போட்டேன். மேல் அடுக்கு 10 இன்ச், அடுத்தது 9, அப்படியே இறங்கிக் கடைசி 2 இன்ச். மேல் அடுக்குக்கு 5 மீட்டர் பட்டை, கீழே வர வரக் குறைத்துக் கடைசிக்கு 2 மீட்டர். தொடையில் குத்தும் என்பதால் கீழ் இரண்டுக்கு மட்டும் மெத்து நெட். கீழிருந்து மேலே தைத்தேன். ஐந்தாவது அடுக்கில் ஊசி உடைந்தது, 16-ஆம் நம்பர் போட்டதும் ஓடியது.

நெட்டில் ஒரு நிம்மதி, ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம், பிரியாது. இந்த வலையை மெஷினில் நெய்ய வழி கண்டவர் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட், 1808-இல். 1816-இல் லக்பரோ ஊரில் இருந்த அவருடைய ஆலைக்குள் லுட்டைட்டுகள் என்ற, மெஷின்களை எதிர்த்த தொழிலாளர்கள் புகுந்து மெஷின்களை உடைத்தார்கள். அவர் டெவனில் டிவர்ட்டன் என்ற ஊருக்குப் போய் மறுபடி தொடங்கினார். வெட்டும்போதெல்லாம் அந்த அறுகோணக் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது அடுக்கும் ஏறிய பிறகும் டுட்டு சண்டை போட்ட கோழி மாதிரி சிலிர்த்துக்கொண்டுதான் நின்றது. அதைத் தட்டாக்குவது கைத்தையல். தலைகீழாகக் கவிழ்த்து, கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்கு வரை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போக வேண்டும். முதல் தடவை நூலை இறுக்கிவிட்டேன். மேலே திருப்பிப் பார்த்தால் பள்ளம் பள்ளமாக அம்மைத் தழும்பு போல இருந்தது. எல்லாவற்றையும் பிரித்தேன். மறுபடி, அடுக்குக்கு அடுக்கு ஒரு இன்ச் நூலைத் தளர்வாக விட்டு 240 தையல் போட்டேன். நாலு ராத்திரி ஆனது. இந்த முறை அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தாங்கிக்கொண்டன. குட்டை அடுக்கு நெட்டை அடுக்கைத் தூக்குகிறது. மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

ஸ்டீல் கம்பி வளையம் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெரிய டுட்டுகளில் நடு அடுக்கு ஒன்றில் அது ஓடும். ஆனால் கூட்டமாக ஆடும்போது ஒருவர் பாவாடை இன்னொருவர் மேல் பட்டால், ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பிவிடும். நியூயார்க் சிட்டி பாலே குழுவில், நடன அமைப்பாளர் பாலன்ஷினின் 'சிம்ஃபனி இன் சி' என்ற பாலேவுக்கு 1950-இல் உடை தைத்த பார்பரா கரின்ஸ்கா, இதற்காகவே கம்பியை எடுத்துவிட்டு, குட்டையான அடுக்குகளைத் தளர்வாகக் கோத்து, பவுடர் பஃப் மாதிரி ஒன்றைச் செய்தார். எங்கள் பெண்ணும் இன்னும் ஏழு பேரோடு சின்ன மேடையில்தான் ஆடப் போகிறாள். கம்பி வேண்டாம் என்று முடிவானது.

மேல்சட்டையை ஒரு வாரத்தில் முடித்தேன். பின்பக்கம் ஹூக் இரண்டு வரிசை, அடுத்த வருடமும் போட வேண்டும் அல்லவா.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி நின்றாள். அவள் நின்ற பிறகும் டுட்டு ஒரு நொடி கூடுதலாக அசைந்து, அப்புறம் மட்டமாக வந்து நின்றது. "சித்தி, இது தானா ஆடுது!" என்றாள். சந்தோஷத்தில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கம் ஆறு தையல் போய்விட்டது. அதை இந்த வாரம் போடுவேன். இப்போது அலமாரிக் கம்பியில் தலைகீழாகத் தொங்குகிறது.